ஊர் மரபிலிருந்து பள்ளிப் பண்பாடு: தலைமையாசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஊரின் வழக்கங்களையும் மதிப்புகளையும் அடித்தளமாக வைத்து நல்ல பள்ளிச் சூழலை எப்படி உருவாக்குவது? பள்ளியை நடத்தும் பொறுப்பில் இருப்பவர்கள் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சில பதில்கள் நீளம், சில நாலே வரி. கேள்வியின் கனம் அப்படி.

பள்ளிப் பண்பாடு என்று எதைச் சொல்கிறீர்கள்? சீருடை, பாட்டு, சுவரோவியம் இதெல்லாமா?

அவையும்தான். ஆனால் அவை மேல்தோல். நிறுவனங்களின் பண்பாட்டை ஆராய்ந்த எட்கர் ஷைன் அதை 3 அடுக்காகப் பிரித்துப் பார்த்தார். முதல் அடுக்கு கண்ணுக்குத் தெரிவது: சீருடை, சுவரோவியம், மணி அடிக்கும் முறை. இரண்டாவது, வாயால் சொல்லிக்கொள்வது: "இங்கே எல்லாரும் சமம்" என்ற பலகை. மூன்றாவது, யாரும் சொல்லாமலே எல்லாரும் நம்புவது. "அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது" என்று ஸ்டாஃப் ரூமில் ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போனால், அந்தத் தலையாட்டல்தான் அந்தப் பள்ளியின் பண்பாடு. பலகையில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு பிள்ளை 20 நிமிடம் தாமதமாக வருகிறது. பள்ளிக்குள் அதன் காதில் விழும் முதல் வாக்கியம் எது? "ஏன் லேட்?" என்பதா, "வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கிறார்களா?" என்பதா? இரண்டும் கேள்விதான். முதலாவது பிள்ளையைக் கூண்டில் ஏற்றுகிறது. இரண்டாவது, அந்தப் பிள்ளைக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறது.

மரபில் வேரூன்றிய பள்ளி என்று நான் சொல்வது இதைத்தான்: பிள்ளையின் வீட்டிலும் ஊரிலும் அறிவு இருக்கிறது என்று அந்த மூன்றாவது அடுக்கில் உண்மையாகவே நம்பும் பள்ளி.

ஆண்டுக்கு ஒருமுறை பண்பாட்டு விழா சிறப்பாக நடத்துகிறோம். போதாதா?

விழா நல்லது, விடாதீர்கள். போதுமா என்றால், போதாது. விழா நாளில் மேடை ஏறும் மொழி மறுநாள் வகுப்பில் பேசினால் திட்டு வாங்கித் தருகிறது என்றால், பிள்ளைகள் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: "நம்முடையது வேடிக்கை பார்க்க நல்லது, படிப்புக்கு உதவாது." இப்படிப்பட்ட விழாவை விட விழா நடத்தாமலே இருப்பது மேல் என்று எனக்குத் தோன்றும் நாட்கள் உண்டு.

சரி, ஊரின் மரபை எங்கே போய்த் தேடுவது? எங்கள் ஊரில் அப்படி ஒன்றும் தனியாக இல்லையே?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. "ஒன்றும் இல்லை" என்று சொல்பவர் பெரும்பாலும் பள்ளி வாசலைத் தாண்டிப் பார்க்காதவராகவே இருப்பார். குற்றமாகச் சொல்லவில்லை. ரிப்போர்ட், இன்ஸ்பெக்‌ஷன், டைம்டேபிள் என்று ஓடும் ஆளுக்கு நேரம் ஏது?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசான் நகரில் லூயிஸ் மோல் என்ற கல்வியாளரும் அவருடைய குழுவினரும் செய்த வேலையைச் சொல்கிறேன். 1992ல் அதைப் பற்றி எழுதினார்கள். மெக்சிகோ வழிவந்த தொழிலாளர் குடும்பங்களின் வீடுகளுக்கு வகுப்பாசிரியர்களே போனார்கள். பிள்ளையைப் பற்றிப் புகார் சொல்வதற்கோ, பெற்றோருக்கு அறிவுரை சொல்வதற்கோ போகவில்லை. அந்த வீட்டுக்கு என்னென்ன தெரியும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளப் போனார்கள். கால்நடை வளர்ப்பு, சுரங்க வேலை, கட்டட வேலை, மூலிகை மருத்துவம், எல்லை தாண்டிய சிறு வியாபாரம் என்று வீட்டுக்கு வீடு அறிவு குவிந்து கிடந்தது. ஒரு பையன் மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்த மிட்டாயை அக்கம்பக்கத்தில் விற்றுக்கொண்டிருந்தான். ஆசிரியை அதைப் பிடித்துக்கொண்டார். மிட்டாயில் என்னென்ன சேர்கிறது, இந்த நாட்டு மிட்டாய்க்கும் அந்த நாட்டு மிட்டாய்க்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு பாடமே உருவானது. ஒரு தாய் வகுப்புக்கு வந்து மிட்டாய் செய்யக் கற்றுக்கொடுத்தார். அதுவரை அவர் பெற்றோர் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகிறவர். அன்று அவர் ஆசிரியர்.

கொலம்பியாவில் 1970களின் நடுவில் தொடங்கிய 'எஸ்குவேலா நுவேவா' கிராமப் பள்ளிகளில் இதற்கு எளிமையான கருவிகளே இருக்கின்றன. அந்தப் பகுதியின் வரைபடத்தை ஆசிரியரும் பிள்ளைகளும் சேர்ந்து வரைவார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குறிப்பு அட்டை இருக்கும். எந்த மாதம் விதைப்பு, எந்த மாதம் அறுவடை என்று ஒரு வேளாண் நாட்காட்டி சுவரில் தொங்கும். இந்த நாட்காட்டி அலங்காரத்துக்கு வைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். அறுவடைக்குப் போய்விட்டுத் திரும்பும் பிள்ளை, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடரலாம் என்பது அங்கே விதி. ஊரின் காலக்கணக்கைப் பள்ளி ஏற்றுக்கொண்டதற்கு இது சரியான அடையாளம்.

வீட்டுக்குப் போனால் என்ன கேட்பது? நோட்டையும் பேனாவையும் முதலில் பையிலேயே வைத்துவிடுங்கள். அப்புறம் இப்படிக் கேட்கலாம். ஏதாவது உடைந்து போனால் யார் சரிசெய்வார்கள்? தகராறு வந்தால் யாரிடம் போவீர்கள்? ஊருக்குப் புது ஆள் வந்தால் எப்படி வரவேற்பீர்கள்? பிள்ளைகள் எந்த வயதில் எந்த வேலையில் கை வைப்பார்கள்? ஒரு சாவு விழுந்தால் யார் யார் என்னென்ன செய்வார்கள்?

கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலருக்குத் தயக்கம். நான் பார்த்தவரை அதுதான் அதிகம் கற்றுத்தரும். தாத்தா இறந்த வீட்டுப் பிள்ளை ஒரு வாரம் வரவில்லை. பள்ளி வருகைப் பதிவேட்டில் 'தகவலின்றி விடுப்பு' என்று எழுதுகிறது. ஊருக்கே தெரிந்த செய்தி பள்ளிக்கு மட்டும் தகவல் இல்லை! பள்ளியிலிருந்து ஒரே ஒருவர் அந்த வீட்டுக்குப் போய் அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தாலும் போதும், அடுத்த ஐந்து ஆண்டுக்கு அந்தக் குடும்பம் பள்ளியைப் பற்றித் தவறாகப் பேசாது.

உடை, பாட்டு, கதை தவிர வேறு என்ன மரபை வகுப்புக்குள் கொண்டுவர முடியும்?

பேசும் முறையை. இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

ஹவாய்த் தீவுகளில் 1970களில் தொடங்கிய கமேஹமேஹா தொடக்கக் கல்வித் திட்டத்தில் ஒன்றைக் கண்டார்கள். ஹவாய்ப் பூர்வகுடிப் பிள்ளைகள் வாசிப்பு வகுப்பில் கவனமில்லாமல் இருப்பதாகவும், குறுக்கே குறுக்கே பேசுவதாகவும் ஆசிரியர்களுக்குக் குறை. ஆனால் அவர்கள் வீட்டில் கதை பேசுவதே அப்படித்தான். ஒருவர் தொடங்க, இன்னொருவர் இடையில் சேர்ந்துகொள்ள, நாலு பேர் சேர்ந்து ஒரே கதையைக் கட்டுவார்கள். அது மரியாதைக் குறைவே கிடையாது. "நானும் உன்னோடு இருக்கிறேன்" என்பதன் அடையாளம். வாசிப்பு நேரத்தில் இப்படிச் சேர்ந்து பேசுவதற்கு ஆசிரியர் இடம் கொடுத்தபோது, பிள்ளைகள் பாடத்தைப் பற்றி நிறையவும் சரியாகவும் பேசினார்கள் என்று அந்தத் திட்டத்தில் வேலை செய்த ஆய்வாளர் கேத்ரின் ஆவ் தம் ஆய்வில் காட்டினார்.

இதற்கு நேர் எதிரானது அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்து வார்ம் ஸ்பிரிங்ஸ் பூர்வகுடிப் பகுதியில் ஆய்வாளர் சூசன் பிலிப்ஸ் கண்டது. அங்கே வகுப்பில் பிள்ளைகள் வாய் திறப்பதே இல்லை. காரணம், அந்தச் சமூகத்தில் ஒரு வேலையை முதலில் பார்த்துப் பார்த்துக் கற்பார்கள். யாரும் பார்க்காத இடத்தில் தனியாகச் செய்து பழகுவார்கள். கை வந்த பிறகுதான் மற்றவர் முன் செய்து காட்டுவார்கள். வகுப்பிலோ, தெரியாத விஷயத்தை எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்லிச் சொல்லித் தப்பு செய்து கற்க வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்கு அது அவமானம். சிறு குழுவாக உட்கார வைத்தபோது அதே பிள்ளைகள் நன்றாக வேலை செய்தார்கள்.

ஆக, "இவன் ரொம்பப் பேசுகிறான்", "இவள் வாயே திறப்பதில்லை" என்ற இரண்டு புகாரும் உண்மையில் பிள்ளையைப் பற்றியவையாக இல்லாமல் இருக்கலாம். ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசும்போது இங்கிருந்து தொடங்குங்கள். செலவில்லாத வேலை, அனுமதியும் வேண்டாம்.

ஒரு சமூகத்தில் பலன் தந்த முறையை அப்படியே எடுத்து இன்னொரு பள்ளியில் செய்யலாமா?

இதற்கு விடை மேலே சொன்ன ஹவாய்த் திட்டத்திலேயே இருக்கிறது. 1980களில் அதை அரிசோனாவின் ரஃப் ராக் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே படிப்பவர்கள் நவஹோ என்ற பூர்வகுடி இனப் பிள்ளைகள். ஹவாயில் ஆணும் பெண்ணுமாக நாலைந்து பேர் கொண்ட குழு கலகலப்பாக வேலை செய்தது. நவஹோ பிள்ளைகள் அப்படி உட்கார்ந்தபோது ஒருவருக்கொருவர் உதவவே இல்லை. ஆண் தனி, பெண் தனி என்று இரண்டு மூன்று பேராகப் பிரித்த பிறகுதான் வேலை நடந்தது. கதையைத் துண்டு துண்டாக வெட்டி நடுநடுவே கேள்வி கேட்பதும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை; முழுக் கதையும் கேட்டு முடித்த பிறகுதான் பேச விரும்பினார்கள்.

"முதலில் அந்தச் சமூகத்தைப் பார், பிறகு செய்" என்ற அணுகுமுறையைக் கடன் வாங்கலாம். முடிவுகளைக் கடன் வாங்க முடியாது.

ஜப்பான் பள்ளிகளில் பிள்ளைகளே வகுப்பைச் சுத்தம் செய்வதைப் பார்த்துவிட்டு, "நாங்களும் செய்கிறோம்" என்று தொடங்கும் பள்ளிகள் பல. அங்கே அது தண்டனை இல்லை. டைம்டேபிளில் இடம் உள்ள வேலை. வேறொரு இடத்தில் துடைப்பம் என்றாலே தண்டனை என்றோ, 'குறிப்பிட்ட சிலர்தான் எடுக்க வேண்டியது' என்றோ நினைப்பு இருந்தால், அதே செயலின் பொருள் தலைகீழாகிவிடும். செய்வதாக இருந்தால் தலைமையாசிரியர் முதலில் துடைப்பத்தை எடுக்க வேண்டும். ஒரு நாள் புகைப்படத்துக்கு எடுப்பது கணக்கில் வராது.

பெரியவர்களை அழைத்தால் வருவதே இல்லை. அவர்களுக்கே அக்கறை இல்லை என்றால் நாங்கள் என்ன செய்வது?

அக்கறை இல்லாமல் இருக்காது. பயமோ கசப்போ இருக்கும்.

பல சமூகங்களுக்குப் பள்ளி என்பது தங்கள் மரபை அழிக்க வந்த கட்டடம். கனடாவில் 1,50,000க்கும் மேற்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைத்தார்கள். தாய்மொழி பேசினால் அடி. கடைசிப் பள்ளி 1990களில்தான் மூடப்பட்டது. இதை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015ல் தன் இறுதி அறிக்கையைக் கொடுத்து, 94 நடவடிக்கைகளைக் கோரியது. நியூசிலாந்தில் 1867ஆம் ஆண்டுச் சட்டம் அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிப் பிள்ளைகளின் பள்ளிகளில் ஆங்கிலத்தைப் பாடமொழியாக்கியது. மாவோரி பேசியதற்காக அடி வாங்கியவர்கள் பிற்காலத்தில் தங்கள் பிள்ளைகளிடம் அந்த மொழியைப் பேசத் தயங்கினார்கள். இவ்வளவு பெரிய வரலாறு இல்லாத ஊரிலும் தனித்தனியாகச் சிறு வரலாறுகள் இருக்கும். இன்று நீங்கள் அழைக்கும் பாட்டி, அதே பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவராக இருக்கலாம். ஏன் நின்றார் என்று யாராவது கேட்டிருப்பார்களா?

அதனால் அழைப்பிதழ் அனுப்பாதீர்கள். நீங்கள் போங்கள். முதல் முறை எதுவும் கேட்காமல் திரும்புங்கள். இரண்டாம் முறை ஏதாவது ஒரு விஷயத்தில் யோசனை கேளுங்கள்; அந்த யோசனையை நிறைவேற்றிவிட்டு மூன்றாம் முறை போய்ச் சொல்லுங்கள். அமெரிக்காவின் சாக்ரமென்டோ நகரில் 1998ல் பெற்றோர்கள் தொடங்கிய ஆசிரியர் வீட்டு வருகைத் திட்டம் இப்போது பல இடங்களுக்குப் பரவியிருக்கிறது. அதில் ஒரு விதி: பிரச்சினை உள்ள பிள்ளைகளின் வீடுகளோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது, மற்றப் பிள்ளைகளின் வீட்டுக்கும் போக வேண்டும். பிரச்சினை என்றால் மட்டும் வருகிறவரை யார் வரவேற்பார்கள்?

இன்னொன்று. வந்த பெரியவரை மேடையில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்து, கைதட்டி அனுப்பிவிடுகிறோம். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதில்லை. அடுத்த முறை அவர் வரவில்லை என்றால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

நான் உண்மையில் எதை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்?

அதிகாரத்தில் ஒரு பங்கை. இதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை, அதனால் நான் சொல்லிவிடுகிறேன். ஊரிடமிருந்து பாட்டும் கதையும் வேண்டும், முடிவெடுப்பது மட்டும் என் அறையில் நடக்கும் என்றால், அங்கே மரபு வேரூன்றாது. தொட்டிச் செடியாகத்தான் இருக்கும்.

பொலிவியாவின் வாரிசாட்டா கிராமத்தில் 1931 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஒரு பள்ளி தொடங்கியது. தொடங்கியவர்கள் எலிசார்டோ பெரெஸ் என்ற ஆசிரியரும், அய்மாரா என்ற பூர்வகுடிச் சமூகத்தின் தலைவர் அவெலினோ சின்யானியும். அந்தச் சமூகத்தில் பெரியவர்கள் கூடிப் பேசி முடிவெடுக்கும் சபை ஒன்று பழங்காலம் தொட்டு இருந்தது. அந்த வடிவத்தையே எடுத்துப் பள்ளியின் ஆட்சிக்குழுவாக வைத்தார்கள். கட்டடம் கட்டுவது, பட்டறை நடத்துவது, பாடம் எல்லாம் அந்தச் சபையின் பேச்சில் வரும். ஊர்க்காரர்கள் தங்கள் கூட்டுழைப்பு வழக்கப்படி கல்லும் மண்ணும் சுமந்து கட்டினார்கள். சுற்றியிருந்த நிலவுடைமையாளர்களுக்கு இது பிடிக்கவில்லை. பத்து ஆண்டுக்குள் அந்த முயற்சி நசுக்கப்பட்டது. ஆனால் 2010ல் பொலிவியா கொண்டுவந்த கல்விச் சட்டத்துக்கு அந்த இருவரின் பெயரைத்தான் சூட்டினார்கள்.

மேலே சொன்ன ரஃப் ராக் பள்ளியும் அப்படித்தான். 1966ல் தொடங்கியபோது, ஊரார் தேர்ந்தெடுத்த நவஹோ ஆட்சிக்குழுவின் கையில் பள்ளி இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர்கள். விடுதியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஊர்ப் பெற்றோரையே முறைவைத்து வேலைக்கு வைத்தார்கள். மாலையில் பெரியவர்கள் வந்து கதை சொன்னார்கள். படிக்காதவர்கள் எப்படிப் பள்ளியை நடத்துவார்கள் என்று கேட்டவர்கள் அப்போதும் இருந்தார்கள்.

எல்லா ஊரிலும் இந்த அளவுக்குப் போக முடியாது. சட்டம், துறை விதிகள் எல்லாம் உண்டு. ஆனால் உங்கள் கையில் இருக்கும் முடிவுகளில் மூன்றை எடுத்து வையுங்கள் பார்ப்போம். பள்ளி நேரம், விடுமுறைப் பட்டியலில் உள்ளூர் நாட்கள், வரவேற்பு முறை, விழாச் செலவு என்று ஏதோ மூன்று. "இதில் நீங்கள் சொல்வதுதான் முடிவு" என்று ஊரிடம் சொல்லுங்கள். சொன்ன பிறகு அவர்கள் எடுக்கும் முடிவு உங்களுக்குப் பிடிக்காமல் போகும் நாள் வரும். அன்று நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதை ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்.

கூடிப் பேசும்போது ஒரு யோசனை. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 1968ல் மனநல மருத்துவர் ஜேம்ஸ் கோமர் இரண்டு பள்ளிகளில் பெற்றோர், ஆசிரியர், ஊழியர் எல்லாரும் சேர்ந்த நிர்வாகக் குழுவைத் தொடங்கினார். அதற்கு அவர் வைத்த விதிகளில் இரண்டு: யார் மீதும் பழி போடாமல் பிரச்சினையைப் பேச வேண்டும், கைதூக்கி ஓட்டெடுக்காமல், எல்லாரும் ஒத்துக்கொள்ளும் வரை பேச வேண்டும். இரண்டாவது விதி பொறுமையைச் சோதிக்கும். ஆனால் ஓட்டெடுப்பில் தோற்றவர் வாசலுக்கு வெளியே போய் என்ன பேசுவார் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதானே.

பிள்ளைகளுக்குள் சண்டை, ஒழுங்கு மீறல். இதில் மரபுக்கு என்ன வேலை?

நிறைய. இடைநீக்கம், இம்போசிஷன் எல்லாம் நேற்று வந்தவை. தகராறைத் தீர்த்து, மறுநாளும் முகம் பார்த்து வாழ்வது எப்படி என்பதைச் சமூகங்கள் காலங்காலமாகச் செய்து பார்த்திருக்கின்றன.

நியூசிலாந்து 1989ல் கொண்டுவந்த சட்டம் மாவோரி மக்களின் வழக்கத்திலிருந்து 'குடும்பக் குழுக் கூட்டம்' என்ற முறையை எடுத்துக்கொண்டது. தவறு செய்த சிறுவன், அவன் உறவினர்கள், பாதிக்கப்பட்டவர், காவல்துறை எல்லாரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, நடந்ததை எப்படிச் சரிசெய்வது என்று பேசுவார்கள். 1994ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் ஒரு பள்ளி இதே போன்ற கூட்டத்தை முயன்றது. பிறகு இந்த முறை பல நாட்டுப் பள்ளிகளுக்குப் போனது. வட்டமாக உட்கார்ந்து, கையில் ஒரு பொருளை வைத்திருப்பவர் மட்டும் பேசும் முறையை வட அமெரிக்கப் பூர்வகுடிகளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. வட்டம் போட்டு உட்கார வைத்துவிட்டு, "சரி, இப்போது மன்னிப்புக் கேள்" என்று அதட்டினால், அது பழைய தண்டனைதான்; நாற்காலியை மட்டும் மாற்றிப் போட்டிருக்கிறோம். அடி வாங்கிய பிள்ளைக்கு அங்கே வர விருப்பம் இல்லையென்றால் கட்டாயப்படுத்தவே கூடாது. தீவிரமான வன்முறை, பாலியல் துன்புறுத்தல் போன்றவற்றை இந்த வட்டத்துக்குள் கொண்டுவந்து 'பேசித் தீர்ப்பது' பெரும் தவறு. அதற்குச் சட்டம் இருக்கிறது, அங்கேதான் போக வேண்டும்.

தீங்கான மரபுகளும் இருக்கின்றனவே? அவற்றையும் மதிக்க வேண்டுமா?

வேண்டாம். ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமை உடன்படிக்கை (1989) மரபை மதிப்பது, தீங்கான வழக்கத்தை ஒழிப்பது இரண்டையும் ஒரே ஆவணத்தில் சொல்கிறது. 29ஆம் பிரிவு, பிள்ளையின் பண்பாட்டு அடையாளம், மொழி, விழுமியங்கள் மீது மதிப்பை வளர்ப்பது கல்வியின் நோக்கம் என்கிறது. 24ஆம் பிரிவோ, பிள்ளைகளின் உடல்நலத்துக்குக் கேடான பாரம்பரிய வழக்கங்களை ஒழிக்கச் சொல்கிறது. முரண்பாடு ஒன்றும் இல்லை. பிள்ளையின் பக்கம் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றேதான்.

நடைமுறையில் நான் கேட்கச் சொல்லும் கேள்விகள் இவை: "இந்த வழக்கத்தால் யார் கீழே உட்கார வேண்டியிருக்கிறது? யார் வெளியே நிற்க வேண்டியிருக்கிறது?" பெண் பிள்ளைகள் பேசக் கூடாது, குறிப்பிட்ட குடும்பத்தார் முன்வரிசைக்கு வரக் கூடாது என்ற வகை வழக்கம் எவ்வளவு பழையதாக இருந்தாலும் பள்ளி வாசலோடு நின்றுவிட வேண்டும். இதில் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை.

ஆனால் சொல்லும் விதம் இருக்கிறது. "உங்கள் பழக்கம் பிற்போக்கு" என்று தொடங்கினால் கதவு மூடிக்கொள்ளும். அதே சமூகத்துக்குள் அந்த வழக்கத்தை எதிர்த்தவர்கள் எப்போதும் இருந்திருப்பார்கள். மறுத்த பாட்டி, மீறிப் படித்த அக்கா. அந்த எதிர்ப்பும் அந்த ஊரின் மரபுதான். அவர்களைத் தேடிப் பிடியுங்கள்.

"இதுதான் நம் மரபு" என்று ஒருவர் மட்டும் உரக்கச் சொன்னால், இன்னும் நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள். குறிப்பாகப் பெண்களிடமும், ஊர் விளிம்பில் இருப்பவர்களிடமும்.

எங்கள் பள்ளியில் பத்துப் பதினைந்து சமூகத்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள். யாருடைய மரபை எடுப்பது?

எல்லாவற்றையும் கலந்து ஒரு கூட்டு செய்ய முயலாதீர்கள். எதன் ருசியும் இருக்காது. எல்லாச் சமூகங்களிடமும் இருக்கும் சில அடிப்படைச் செயல்களை எடுத்துக்கொள்ளுங்கள்: புதியவரை வரவேற்பது, பெரியவருக்கு மரியாதை செய்வது, இழப்பில் உடன் நிற்பது, முடிவெடுக்கும் முன் கலந்து பேசுவது. ஒவ்வொன்றும் உங்கள் வீட்டில் எப்படி நடக்கும் என்று பிள்ளைகளையே கேட்டு, பள்ளிக்கான வடிவத்தை அவர்களோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

கனடாவின் நுனாவுட் பகுதியில் 2008ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பள்ளிக் கல்வி முழுவதும் அங்குள்ள பூர்வகுடிகளான இனுயிட் மக்களின் சமூக விழுமியங்களை அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்கிறது. அந்த 8 கோட்பாடுகளைப் படித்துப் பாருங்கள்: பிறரை மதித்து உறவு பேணுவது, திறந்த மனதோடு வரவேற்பது, கலந்து பேசி ஒத்த முடிவுக்கு வருவது, பார்த்தும் பழகியும் திறன் பெறுவது என்று போகிறது. பனிப்பிரதேசத்தின் வாழ்க்கையிலிருந்து வந்தவை; ஆனால் வேறு எந்தச் சமூகத்துப் பிள்ளையும் அந்தப் பள்ளியில் அந்நியமாக உணர வேண்டியதில்லை.

இதெல்லாம் செய்தால் மார்க் குறையாதா? மேலிடம் கேட்பது ரிசல்ட்டைத்தானே?

நியாயமான பயம். மேலிடத்துக்குச் சொல்ல உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1990களில் 400க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்த ஆன்டனி பிரைக்கும் பார்பரா ஷ்னைடரும், ஆசிரியர், பெற்றோர், தலைமையாசிரியர் இடையே இருக்கும் நம்பிக்கையை அளந்தார்கள். நம்பிக்கை வலுவாக இருந்த பள்ளிகளில் இரண்டில் ஒன்று வாசிப்பிலும் கணக்கிலும் முன்னேறும் வரிசையில் வந்தது. நம்பிக்கை மிகவும் நலிந்திருந்த பள்ளிகளில் ஏழில் ஒன்றுதான். நம்பிக்கை மட்டுமே மார்க் வாங்கித் தராது. ஆனால் அது இல்லாத இடத்தில் புதுப் பாடத்திட்டமோ பயிற்சியோ எதுவும் ஒட்டுவதில்லை.

நியூசிலாந்தில் 2001ல் தொடங்கிய 'டே கோட்டாஹிடாங்கா' திட்டத்தில் ரஸ்ஸல் பிஷப் குழுவினர் முதலில் மாவோரி மாணவர்களிடமே, "உங்கள் படிப்பைப் பாதிப்பது எது?" என்று கேட்டார்கள். ஆசிரியரோடு உள்ள உறவுதான் என்றார்கள் மாணவர்கள். ஆசிரியர்களிடம் கேட்டபோது பெரும்பாலோர் மாணவர்களையும் அவர்கள் வீட்டையும் காரணம் காட்டினார்கள். இந்த இரண்டு பதில்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதிலிருந்துதான் அந்தத் திட்டமே தொடங்கியது. உங்கள் பள்ளியில் இதே கேள்வியை இரு தரப்பிடமும் கேட்டால் என்ன வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. அமெரிக்கக் கல்வியாளர் குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ் 1995ல் பண்பாட்டோடு இயைந்த கற்பித்தலைப் பற்றி எழுதியபோது, முதல் நிபந்தனையாக வைத்தது படிப்பில் வெற்றியைத்தான். பண்பாட்டுத் தேர்ச்சியும், சமூகத்தைக் கேள்வி கேட்கும் அறிவும் அதோடு சேர்ந்து வருபவை. மரபைப் போற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு வாசிக்கத் தெரியாத பிள்ளையை அடுத்த வகுப்புக்குத் தள்ளிவிடுவது அந்தச் சமூகத்துக்குச் செய்யும் துரோகம்.

ஆசிரியர்களில் பாதிப் பேர் வெளியூர். அவர்களுக்கு இந்த ஊர் மரபு என்ன தெரியும்?

தெரியாது என்று ஒப்புக்கொள்வதே நல்ல தொடக்கம். உள்ளூரில் இருக்கும் சமையலர், காவலர், துப்புரவுப் பணியாளர், வண்டி ஓட்டுநர் ஆகியோருக்கு எல்லாம் தெரியும். புதிதாகச் சேரும் ஆசிரியருக்கு முதல் வாரம் ஊரைச் சுற்றிக்காட்டும் பொறுப்பை அவர்களில் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். ஊரும் தெரியும், பள்ளிக்குள் யார் யாரிடம் கற்கலாம் என்ற கணக்கும் மாறும்.

நாங்களே புதிதாக ஒரு வழக்கத்தைத் தொடங்கலாமா? அது 'உண்மையான மரபு' ஆகுமா?

தாராளமாக. வரலாற்றாசிரியர்கள் எரிக் ஹோப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் 1983லேயே சொல்லிவிட்டார்கள்: மிகப் பழையவை என்று நாம் நம்பும் பல மரபுகள் அண்மைக் காலத்தில் யாரோ உருவாக்கியவை. புதிது என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். பழையது என்று கதை கட்டாதீர்கள், ஊர்ப் பெரியவர் ஒருவர் சிரித்துவிடுவார். ஐந்து ஆண்டு கழித்து நீங்கள் மறந்துபோனாலும் பிள்ளைகள் நினைவுபடுத்தினால், அது மரபாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு மாற்றல் வந்துவிட்டால்? அடுத்து வருபவர் எல்லாவற்றையும் கலைத்துவிட்டால்?

வரும், கலைப்பார். இந்த வேலையின் பெரிய பலவீனமே இதுதான். ஒருவருடைய ஆர்வத்தில் நடப்பது அவரோடு கிளம்பிவிடும்.

முழுவதும் தடுக்க முடியாது. ஆனால் கலைப்பதைக் கடினமாக்கலாம். வழக்கத்தின் சொந்தக்காரர் நீங்களாக இருக்கக் கூடாது. வரவேற்பு நிகழ்வை ஆறாம் வகுப்பு நடத்துகிறது, அடுத்த ஆண்டு ஆறாம் வகுப்புக்கு அவர்களே கற்றுக்கொடுக்கிறார்கள் என்றால், அது தலைமையாசிரியர் அறையைச் சார்ந்து இல்லை. பெரியவர்கள் கதை சொல்லும் பீரியட் டைம்டேபிளில் அச்சாகியிருக்கட்டும், யாருடைய நல்ல மனதையும் நம்பி இருக்க வேண்டாம். பெற்றோர் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். எழுதும்போது என்ன செய்கிறோம் என்பதோடு ஏன் தொடங்கினோம் என்பதையும் எழுதுங்கள்; காரணம் தெரியாத வழக்கத்தைத்தான் புதிதாக வருபவர் முதலில் வெட்டுவார்.

புதியவர் வந்ததும், உங்களோடு வேலை செய்த ஊர்க்காரர்கள் அவரைப் போய்ப் பார்க்கட்டும். குறை சொல்லப் போகக் கூடாது. ஊருக்குப் புது ஆள் வந்தால் எப்படி வரவேற்பார்களோ அப்படி.

எனக்கு நேரமே இல்லை. இந்த மாதம் ஒரே ஒரு வேலை செய்யலாம் என்றால், எது?

காலையில் 15 நிமிடம் வாசலில் நில்லுங்கள். மைக் வேண்டாம், கையில் பிரம்பு வேண்டாம், தாமதமாக வருகிறவர்களைப் பிடிக்கவும் வேண்டாம். பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டியிடம் பெயர் கேளுங்கள், ஊர்ச் செய்தி கேளுங்கள். முதல் வாரம் "சார் ஏதோ குறை சொல்லப் போகிறார்" என்று தலையைக் குனிந்துகொண்டு விரைவாகக் கடந்து போவார்கள். இரண்டாம் வாரம் யாராவது ஒருவர் நிற்பார்.